திருப்பி மாட்டிய படம்

வாயைத் திறந்தால் யாருடைய வாயும் நாறத்தான் செய்யும். கழுத்துப்பட்டை கட்டிய கனவானின் வாயும் நாறும், பவுடர் பூசிய சீமாட்டியின் வாயும் நாறும். பல் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம் இது. திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காத வாய் இதையெல்லாம்விட நாறும் என்பதை மட்டும் டாக்டரம்மா போன வாரம்தான் தெரிந்துகொண்டாள்.

போன வாரம் நடந்தது இதுதான். டாக்டரின் தம்பி கடைவாய்ப் பல் வலிக்கிறதென்று வந்து நாற்காலியில் சாய்ந்தான். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை அவனுக்கு. வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவன். "இடது பக்கம்" என்று விரல் வைத்துக் காட்டினான். டாக்டர் விளக்குப் பெட்டியில் மாட்டியிருந்த எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார். "வலி ஏமாத்தும், படம் பொய் சொல்லாதுடா" என்றார். வலது பக்கப் பல்லைப் பிடுங்கிப் போட்டார்.

படம் பொய் சொல்லவில்லைதான். அதைத் திருப்பி மாட்டியிருந்தார்கள். அந்தச் சின்னப் படத்தின் மூலையில் ஒரு புடைப்பு இருக்கும், அது பார்க்கிறவரின் பக்கம் இருக்க வேண்டும். அன்றைக்கு அது சுவர்ப் பக்கம் இருந்தது. இடம் வலமாகிவிட்டது. சின்னவனுக்கு இரண்டு பக்கமும் பழைய அடைப்பு போட்ட பற்கள் என்பதால் வாயைப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை.

மாட்டியவள் டாக்டரின் மனைவி, டாக்டரம்மா.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பெண்மணி நின்று, "டாக்டரம்மா, பிள்ளைக்கு முன்பல்லு ஆடுது, நீங்க ஒரு பார்வை பார்த்துச் சொன்னாப் போதும்" என்று குழைந்துகொண்டிருந்தாள். டாக்டரம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கை படத்தை மாட்டியது, காது வாசலில் இருந்தது.

இத்தனைக்கும் அவள் டாக்டருக்குப் படித்தவள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அதே கிளினிக்கில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவள். கல்யாணத்துக்குப் பிறகும் அதே குழாயைத்தான் பிடிக்கிறாள், வெள்ளைக் கோட்டு மட்டும் கூடுதலாக வந்து சேர்ந்தது. "நீங்களும் டாக்டரா?" என்று யாராவது கேட்டால் அவள் ஆமாம் என்று சொன்னதே கிடையாது. சிரிப்பாள். அந்தச் சிரிப்பே போதுமானதாக இருந்தது.

பல் வெளியே வந்த பிறகுதான் அவள் அந்தப் புடைப்பைத் தேடினாள். டாக்டரும் தேடியிருக்கிறார். கையுறையோடு படத்தை உருவி, திருப்பி, மறுபடி சொருகி, விளக்கை அணைத்தார். அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டிவிட்டார்கள்.

நீங்கள் கேட்கலாம், பழியைத் தூக்கி மனைவி தலையில் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று. போடலாம். அதற்கு முதலில் தப்பு நடந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே. அந்த வீட்டில் பெண்டாட்டிக்கு அவர் டாக்டர், பெற்ற மகளுக்கு டாக்டர், கூடப் பிறந்தவனுக்கும் டாக்டர். சாப்பிட உட்கார்ந்தால் "டாக்டருக்குத் தண்ணி வை" என்பார்கள். அவரைப் பார்த்து நாக்கு மேல் பல்லைப் போட்டு ஒரு வார்த்தை சொன்னவர் கிடையாது. அவரை நான் 'அவர்' என்று எழுதுவதும் பழக்க தோஷம்தான், மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்த வாரத்துக்கு வருவோம்.

காலையில் டாக்டரம்மா எச்சில் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் வாய்களிலிருந்து உறிஞ்சியதெல்லாம் அதில் சேர்ந்து, மேலே நுரையும் அடியில் சிவப்பு வண்டலுமாக நிற்கும். வருடக்கணக்காகக் கழுவுகிறாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இந்த ஒரு வாரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் மூடியைத் திறக்கிறாள்.

டாக்டரின் மேசையில் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கிறது. பிடுங்கிய பற்களையெல்லாம் அதில் போட்டு வைப்பார். வேட்டைக்காரர்கள் மான் தலையை மாட்டி வைப்பதில்லையா, அந்த மாதிரி. வருகிறவர்கள் அதைப் பார்த்து, "இவ்வளவும் நீங்க எடுத்ததா டாக்டர்?" என்று வாய் பிளக்க வேண்டும், இவர் "பாதிதான் வெச்சிருக்கேன்" என்று சொல்ல வேண்டும். கறை பிடித்தது, உளுத்தது, வேரில் சதை ஒட்டிக் காய்ந்தது என்று எல்லாம் அதில் உண்டு. போன வாரம் சின்னவனின் பல்லைப் போட்டதும் ஜாடியை ஒரு குலுக்குக் குலுக்கினார். மேலே கிடந்த நல்ல பல் எங்கேயோ உள்ளே போய்விட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் இப்படித்தான்.

டாக்டர் வந்தார், கோட்டை மாட்டினார், தலை வாரினார். வெளியே ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரும், கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் காத்திருந்தார்கள்.

"டாக்டரம்மா, நம்ம முறை எப்போ?" என்றார் டிரைவர். "நான் ஓட்டின காலத்துல வண்டிகூட இவ்வளவு லேட்டா வந்ததில்ல."

அவள் பதில் சொல்வதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு சின்னவன் வந்தான்.

டிரைவர் தானாகவே எழுந்து இடம் விட்டார். சின்னவனின் முகத்தில் பாதியைக் காணோம். இடது தாடை கன்னத்தோடு சேர்ந்து வீங்கி, தோல் இழுபட்டுப் பளபளத்தது. வாயோரம் எச்சில் வழிந்தது. கைக்குட்டையால் அதை ஒற்றி ஒற்றி, கைக்குட்டையே நனைந்திருந்தது. கிட்டே வந்தபோது அந்த வாடை அவளுக்குத் தெரிந்தது. சீழ். பல் கிளினிக்கில் நின்ற எவருக்கும் அது தெரியும்.

"வாங்க தம்பி" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

அவன் "அண்ணி" என்று ஏதோ சொன்னான். வார்த்தை வாய்க்குள்ளேயே தடுக்கி விழுந்தது.

டாக்டர் அவனை நாற்காலியில் சாய்த்து விளக்கைத் திருப்பினார். "வாயைத் திற." அது விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. கண்ணாடியை விட்டுப் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார், அங்கே புண் அழகாக ஆறிக்கொண்டிருந்தது. இடது பக்கம் கண்ணாடியைக் கொண்டுபோகவே இல்லை.

"புண்ணு நல்லா ஆறுது. ஊசி போட்ட வீக்கம். மாத்திரையை மாத்தி எழுதறேன்."

ஊசி போட்டது வலது பக்கம். வீங்கியிருப்பது இடது பக்கம். இதைச் சொல்ல டாக்டருக்குப் படிக்க வேண்டியதில்லை, வாசலில் உட்கார்ந்திருக்கிற பஸ் டிரைவரே சொல்வார்.

அவள் டாக்டரைப் பின்னறைக்குக் கூப்பிட்டாள். கருவிகளை வேகவைக்கும் பெட்டி இரைந்துகொண்டிருந்தது.

"இவரை எதிர்க் கட்டடத்துக்குக் கூட்டிட்டுப் போகலாம், டாக்டர்."

எதிர்க் கட்டடத்தில் புதிதாக ஒரு பல் மருத்துவர் வந்திருக்கிறாள். இளவயசு. டாக்டர் அவளைப் பெயர் சொல்லிப் பேசமாட்டார்.

"அந்தப் பொண்ணுகிட்டயா? குறடு பிடிச்சா கை நடுங்கும் அதுக்கு."

"அவரால எச்சில் முழுங்க முடியல, டாக்டர்."

"பயம். சின்ன வயசுலேருந்தே அவன் அப்படித்தான். எறும்பு கடிச்சா ஊரைக் கூட்டுவான்."

"வீக்கம் இடது பக்கம் இருக்கு, டாக்டர்."

"ஒரு நரம்பு வலிச்சா இன்னொண்ணு துடிக்கும். உனக்கு இதெல்லாம் தெரியாது."

"புடைப்பு சுவர்ப் பக்கம் இருந்துச்சு, டாக்டர்" என்றாள் அவள்.

டாக்டர் குழாயைத் திறந்து கை கழுவ ஆரம்பித்தார். விரல் விரலாக, நகக்கண் நகக்கண்ணாக, மணிக்கட்டுக்கு மேல்வரை. இந்த நேர்த்தியைப் பார்த்துத்தான் அவள் ஒரு காலத்தில் சொக்கிப்போனாள். இன்றைக்கு அந்தச் சோப்பு நுரையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"எந்தப் புடைப்பு?" என்றார்.

அவர் துண்டை எடுத்துத் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, வெகு நிதானமாகச் சொன்னார்:

"அவன் வாயைத் திறந்து அந்தப் பொண்ணு பார்த்தா என்ன ஆகும்னு யோசிச்சியா? நாளைலேருந்து நீயும் நானும் இங்க உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். உன்னை ஒருத்தர் டாக்டரம்மான்னு கூப்பிட மாட்டாங்க. பரவாயில்லையா?"

எந்த இடத்தில் அழுத்தினால் வலிக்கும் என்று தெரிந்த மனிதர். இருபக்கமும் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற தொழில் அல்லவா.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டாக்டரம்மா ஒரு கணம் தயங்கினாள். வெளியே ஒருவன் எச்சில் முழுங்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறான், உள்ளே இவள் நாளைக்கு வாசலில் யார் தன்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். நினைத்துப் பார்த்தது தனக்கே தெரிந்ததும் அவளுக்குக் குமட்டியது. தொட்டிக்கு ஓடி, குனிந்து, காலையில் குடித்த டீயை வாந்தி எடுத்தாள். எந்த வாய்க்கும் குமட்டாதவளுக்குத் தன்னை நினைத்துக் குமட்டியது.

"என்ன, உடம்பு சரியில்லையா?" என்றார் டாக்டர், துண்டை மடித்துக்கொண்டே.

அவள் வாயைக் கொப்பளித்தாள். முன்னறைக்குப் போய் சின்னவனின் கையைப் பிடித்தாள். "எழுந்திருங்க தம்பி."

"எங்க அண்ணி?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். "ஆஸ்பத்திரியிலேருந்து ஆஸ்பத்திரிக்கே பேஷன்ட்டை அனுப்பறீங்களே டாக்டரம்மா" என்று சிரிக்கப் போனவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சாலையில் வண்டிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. ஓரத்தில் நின்றபோது சின்னவன் அவள் தோளில் சாய்ந்தான். அவன் உடம்பு கொதித்தது.

அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "தம்பி, போன வாரம் எடுத்தது நல்ல பல்லு."

"தெரியும் அண்ணி."

வண்டி இரைச்சலில் சரியாகக் கேட்டதா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. "தெரியுமா?"

"நாக்குக்குத் தெரியாதா? மரப்பு போனதுமே தெரிஞ்சுபோச்சு." ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று பேசினான்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"யார்கிட்ட, டாக்டர்கிட்டயா?" அவன் சிரிக்க முயன்றான், முகம் இடம் கொடுக்கவில்லை. "ரெண்டு பேர்ல யாராவது வருவீங்கன்னு பார்த்தேன். லிஃப்ட் நடுவுல நின்னுட்டா உள்ள மாட்டினவங்களுக்கு நாங்க அதான் சொல்லுவோம். கத்தாதீங்க, ஆளு வந்துட்டிருக்காங்கன்னு."

இந்த ஒரு வாரம் முழுக்க அவள், சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று போன் பண்ணிக் கேட்டிருக்கிறாள். அவன் ஒவ்வொரு தடவையும் எடுத்து, "நல்லா இருக்கேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு, அவள் வேறு ஏதாவது சொல்வாளா என்று காத்திருந்திருக்கிறான். அவளோ போனை வைத்துவிட்டு அப்பாடா என்று பெருமூச்சு விட்டிருக்கிறாள்.

எதிர்க் கட்டட டாக்டர் சின்னவனை வாசலில் பார்த்தவுடனேயே உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தாள். அவளுடைய கை கொஞ்சமும் நடுங்கவில்லை. தாடைக்கு அடியில் அழுத்திப் பார்த்தாள், நாக்கைத் தூக்கச் சொன்னாள், அவனால் முடியவில்லை. உதவிக்கு இருந்த பெண்ணிடம், "ஆம்புலன்ஸுக்குச் சொல்லு. இவரை நிமிர்த்தி உட்கார வை, படுக்க விடாத" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அதே நேரம் வாசலில் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். சாலையைக் கடந்து ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. தம்பி மேல் உள்ள பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். தன் மனைவி தன் பேஷன்ட்டைக் கையைப் பிடித்து எதிர்க்கடைக்கு இழுத்துப்போவதைத் தெருவே வேடிக்கை பார்த்தது, அது அவரால் தாங்க முடியாத காட்சி.

"இவன் என் தம்பி. நானே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"கட்டாயம் போகணும் சார். சீழ் நாக்குக்கு அடியில இறங்கிடுச்சு, மூச்சை அடைக்கலாம்." அவள் மரியாதையாகத்தான் பேசினாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வலது பக்கம் ஒரு பல் எடுத்த புண் இருக்கு. வீக்கம் இடது பக்கம். எந்தப் பல்லுலேருந்து கிளம்புச்சுன்னு தெரிஞ்சா அங்க உடனே அந்த இடத்தைத் திறப்பாங்க. தேடிட்டு நிற்க நேரமில்ல."

டாக்டர் வாயைத் திறக்கவில்லை.

அவள் அவரையும், டாக்டரம்மாவையும், மறுபடி அவரையும் பார்த்தாள். புத்திசாலிப் பெண். புரிந்துவிட்டது. புரிந்ததும் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு கதவைத் திறந்துவிட்டாள். அந்தத் தொழிலில் ஒருவருக்கொருவர் காட்டுகிற தாட்சண்யம் அது.

"ரெண்டு பக்கமும் கெட்டிருந்திருக்கும். ஒவ்வொண்ணா எடுக்கலாம்னு முதல்ல வலது பக்கம் எடுத்திருப்பீங்க. அப்படித்தானே சார்?"

விழுந்தவர் மீசையில் ஒட்டிய மண்ணை அவளே தட்டிவிடத் தயாராக இருந்தாள். ஒரு தலையசைப்பு போதும். டாக்டரின் தலை அசையத் தொடங்கியது.

"இல்ல" என்றாள் டாக்டரம்மா. "வலது பக்கம் இருந்தது நல்ல பல்லு. கெட்டது இடது பக்கம், கீழ்க் கடைவாய்ப் பல்லு. தப்பா எடுத்தாச்சு. எக்ஸ்ரே படத்தைத் திருப்பி மாட்டினது நான். எடுத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் வாயைத் திறக்கல."

எதிர்க் கட்டட டாக்டரின் பார்வை அவள் போட்டிருந்த வெள்ளைக் கோட்டில் இறங்கியது. "நீங்களும் டாக்டரா?"

"இல்ல. எச்சில் குழாய் பிடிக்கிறவ."

சொல்லி முடித்ததும் பெரிய நிம்மதி வந்து இறங்கிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் வரவில்லை. வாயில் வாந்திக் கசப்பு அப்படியே இருந்தது. அவளைப் பார்த்த அந்த இளம் டாக்டரின் முகம் சுளித்ததையும் அவள் கண்டாள், அது நியாயம்தான் என்றும் நினைத்தாள். ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தது. அவளுடைய வாய், அவளுடைய குரல், அவள் சொன்ன விஷயம் மூன்றும் வெகு காலத்துக்குப் பிறகு ஒரே ஆளுடையதாக இருந்தன.

அப்போதுதான் டாக்டர் பேசினார்.

"அவ சொல்றதை நம்பாதீங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, பதட்டத்துல உளர்றா. படத்தை மாட்டினது நான். எல்லாத்தையும் நானேதான் பார்த்துப்பேன் அங்க."

பிறந்ததிலிருந்து தன் தப்பை ஒப்புக்கொள்ளாத மனிதர் முதல்முதலாக ஒரு தப்பை ஒப்புக்கொண்டார், அதுவும் அவர் செய்யாத தப்பு. வேறொருத்தியாக இருந்தால் புருஷனின் பெருந்தன்மையை நினைத்து உருகியிருப்பாள். அவள் அவரை நன்றாகவே அறிந்தவள். தன் கிளினிக்கில் ஒரு தப்பு நடந்திருந்தால் அதையும் குழாய் பிடிக்கிறவள் செய்திருக்கக் கூடாது அவருக்கு. தப்பிலும் அவர்தான் டாக்டர்.

அல்லது அவளைக் காப்பாற்றத்தான் சொன்னாரோ. அந்தச் சந்தேகமும் ஒரு ஓரமாக அவளுக்கு எழுந்தது. எழுந்ததும் அவர்மேல் இருந்த அருவருப்பு குறையவில்லை, இன்னும் கூடியது.

"நீங்க சும்மா இருங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவள் பேசிய பேச்சில் 'டாக்டர்' என்ற சொல் இல்லாமல் வந்த முதல் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். "அது என் தப்பு. அதையாவது எனக்கு விடுங்க."

உள்ளேயிருந்து விசில் மாதிரி ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. அது நின்றது. பிறகு மறுபடி கேட்டது. உதவிப் பெண் கதவுக்கு வெளியே தலையை நீட்டி, "டாக்டர், சீக்கிரம் வாங்க" என்றாள்.

இரண்டு டாக்டர்களும் திரும்பினார்கள். ஒருத்தி உள்ளே ஓடினாள். மற்றவர் இரண்டடி எடுத்து வைத்துவிட்டு, தன்னைக் கூப்பிடவில்லை என்று தெரிந்து, அந்த இடத்திலேயே நின்றார்.